கொங்கண் பாதைக்கு இரண்டாவது தண்டவாளம் எப்போது?

கொங்கண் வழியாக நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் போய் வரும் மும்பைத் தமிழர்களுக்கு "கிராசிங்" என்ற சொல் நன்றாகப் பழக்கம். வண்டி ஏதோ ஒரு சிறிய ஸ்டேஷனில் நின்றுவிடும். கால் மணி, அரை மணி ஆகும். எதிரே வரும் வண்டி கடந்து போன பிறகுதான் சிக்னல் கிடைக்கும். பயணிகள் ஒரு டீயைக் குடித்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் மறந்துவிடக்கூடிய விஷயம் அல்ல அது. மாபெரும் வேலை ஒன்று பாதியில் நிற்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கப்பலை நம்பிய கரை

ரத்னகிரி, மால்வண், வெங்குர்லா முதலிய கரையோர ஊர்களின் மக்கள் ஒரு காலத்தில் கப்பலை நம்பித்தான் மும்பைக்கு வந்து போனார்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் அந்த வழியும் அடைபடும். கடல் பயணத்தின் ஆபத்தும் கொஞ்சம் அல்ல. 1947 ஜூலை 17-ந் தேதி மும்பையில் இருந்து அருகில் உள்ள ரேவஸ் துறைக்குப் புறப்பட்ட "ராம்தாஸ்" கப்பல் மூழ்கி 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

மும்பை மில்களில் உழைத்த கொங்கண் தொழிலாளி அனுப்பிய மணியார்டரில்தான் அவன் ஊரில் அடுப்பு எரிந்தது. தாராவியில் இருந்து நெல்லைச் சீமைக்கு மணியார்டர் அனுப்பிய தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவை இல்லை.

ரெயில் வேண்டும் என்று அந்த மக்கள் பல காலம் கேட்டார்கள். 1960-களில் திவாவில் இருந்து பன்வெல் வழியாக ஆப்டா வரை பாதை வந்தது. அங்கிருந்து ரோஹாவை எட்ட 1986 ஆகிவிட்டது. அதற்குத் தெற்கே மங்களூர் வரை ஒன்றும் இல்லை. மும்பையில் இருந்து மங்களூருக்கு ரெயிலில் போக வேண்டும் என்றால் நாட்டின் உள்பகுதியைச் சுற்றிக்கொண்டு சுமார் 2,000 கி.மீ. போக வேண்டும். கடற்கரை ஓரமாகப் போனால் சுமார் 900 கி.மீ.தான்!

இரண்டு மந்திரிகள்

1989-ல் வி.பி.சிங் ஆட்சி வந்தது. மங்களூரில் பிறந்தவரும், 1974 ரெயில்வே வேலைநிறுத்தத்தை நடத்தியவருமான ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரெயில்வே மந்திரி ஆனார். கொங்கணில் உள்ள ராஜாப்பூர் தொகுதியின் எம்.பி. மது தண்டவதே நிதி மந்திரி ஆனார். முன்பு ரெயில்வே மந்திரியாக இருந்தபோது, இரண்டாம் வகுப்புப் பயணியின் மரப்பலகைக்கு மெத்தை கொடுத்தவர் இவர். கேட்கிறவரும் கொடுக்கிறவரும் கடற்கரையின் அருமை தெரிந்தவர்களாக அமைந்ததால் காரியம் நடந்தது.

1990 ஜூலை 19-ந் தேதி கொங்கண் ரெயில்வே கழகம் தொடங்கப்பட்டது. மத்திய அரசுக்கு 51 சதவீதப் பங்கு. மராட்டியத்துக்கு 22, கர்நாடகத்துக்கு 15, கோவாவுக்கும் கேரளத்துக்கும் தலா 6 சதவீதம். கடன் பத்திரங்கள் வெளியிட்டும் பணம் திரட்டினார்கள். ஈ.ஸ்ரீதரன் தலைமை ஏற்றார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்து நிலம் எடுக்கப்பட்டது.

ரோஹாவில் இருந்து மங்களூர் அருகே தோக்கூர் வரை சுமார் 740 கி.மீ. பாதை. இதில் 91 சுரங்கங்கள், சுமார் 2,000 பாலங்கள். கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கி.மீ. நீளம். ரத்னகிரி அருகே பன்வல் ஆற்றுப் பாலம் 64 மீட்டர் உயரம். கோவாவில் பாதை எந்த வழியாகப் போவது என்று தகராறு எழுந்தது. பெர்னெம் சுரங்கத்தில் மண் சரிந்து சரிந்து விழுந்தது. இவற்றை எல்லாம் தாண்டி 1998 ஜனவரி 26-ந் தேதி முழுப் பாதையிலும் பயணிகள் ரெயில் ஓடியது. வேலையில் உயிர் விட்ட தொழிலாளர்களுக்கு ரத்னகிரி ஸ்டேஷனில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

மழை கற்றுக்கொடுத்த பாடம்

பாதை போட்டதோடு மலை சும்மா இருந்துவிடவில்லை. 2003 ஜூன் 22-ந் தேதி இரவு வைபவ்வாடி அருகே தண்டவாளத்தில் சரிந்து கிடந்த பாறையில் ரெயில் மோதி 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 16-ந் தேதி கரஞ்சாடி அருகே "மத்ஸ்யகந்தா" எக்ஸ்பிரஸ் அதேபோல் கவிழ்ந்தது.

அதன்பிறகு மலைச் சரிவுகளைச் செதுக்கிச் சாய்வைக் குறைத்தார்கள். பாறைகளுக்கு இரும்பு வலை போட்டார்கள். மழைக்காலத்துக்கு என்று தனி கால அட்டவணை வந்தது. கனமழை கொட்டினால் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது டிரைவர்களுக்கு உத்தரவு. தொழிலாளர்கள் இரவும் பகலும் தண்டவாளத்தின் மீது நடந்து காவல் காக்கிறார்கள். பாறை விழுவது பெருமளவு குறைந்ததற்கு இவர்கள் கால்தேய நடப்பதும் ஒரு காரணம்.

ஆனாலும் 2024 ஜூலையில் பெர்னெம் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. சில நாட்களில் கேட் அருகே மண் சரிந்தது. இரண்டு முறையும் போக்குவரத்து நின்றது. ஒற்றைப் பாதையில் ஓர் இடம் அடைபட்டால் கேரளத்துக்கும் தென் தமிழ்நாட்டுக்கும் போகும் வண்டிகள் எல்லாம் நின்றுபோகும். அல்லது சுற்று வழியில் திருப்பிவிடப்படும்.

யாருக்காகப் போட்ட பாதை?

2022-ல் பாதை முழுவதும் மின்மயம் ஆனது. 2023-ல் மும்பை-மட்காவ் "வந்தே பாரத்" வந்தது. நல்லதுதான். ஆனால் தண்டவாளம்? ரோஹா-வீர் இடையே சுமார் 47 கி.மீ. மட்டும் 2021-ல் இரட்டைப் பாதை ஆனது. மற்றதில் பெரும்பகுதி இன்னும் ஒற்றைப் பாதைதான். வேகமான வண்டி ஒன்று கூடினால், ஒதுங்கி நிற்பது பாசஞ்சர் வண்டி. அதில் இருப்பவர்கள் யார்? நிலம் கொடுத்த ஊர்க்காரர்கள்! தாதரில் இருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த ரத்னகிரி பாசஞ்சர், கொரோனாவுக்குப் பிறகு திவாவில் இருந்து புறப்படும்படி மாற்றப்பட்டது. கணபதி பண்டிகைக்குச் சிறப்பு ரெயில்கள் எத்தனை விட்டாலும் இடம் போதவில்லை.

மலையைக் குடைந்து இன்னொரு பாதை போடப் பெரும் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழுப் பாதையையும் ஒரே மூச்சில் போட வேண்டியது இல்லை. சுரங்கம் குறைந்த பகுதிகளில் முதலில் போடலாம். கிராசிங் ஸ்டேஷன்களைக் கூட்டலாம். இந்தப் பாதைக்காக உண்மைத் தூரத்தைவிட அதிக தூரம் கணக்கிட்டுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. பயணிகள் முணுமுணுக்காமல் கொடுத்தார்கள். அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை உண்டு.

கழகத்தின் கையில் அதற்கு வேண்டிய பணம் இல்லை என்பதால்தான் அதை இந்திய ரெயில்வேயுடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பங்குதாரர்களான மற்ற மாநிலங்கள் இசைந்தபின், 2025 மே மாதம் மராட்டிய அரசும் ஒப்புதல் கொடுத்தது. "கொங்கண்" என்ற பெயர் நிலைக்க வேண்டும் என்றும் அது கேட்டது. பெயர் இருக்கட்டும். ஆனால் இணைப்பு நன்மையா இல்லையா என்பதைப் பெயர்ப் பலகை சொல்லாது. இரண்டாவது தண்டவாளத்துக்குப் பணம் வருகிறதா? மழையில் காவல் நடக்கும் ஆட்கள் குறையாமல் இருக்கிறார்களா? சிறிய ஊர்களில் வண்டி நிற்கிறதா? இந்த மூன்றும்தான் உரைகல்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏழு ஆண்டுகளில் 740 கி.மீ. பாதை போட்டுக் காட்டிய நாடு இது. அதன் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போட முடியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மனம் வைத்தால் முடியும். மத்திய அரசு மனம் வைக்க வேண்டும்.