ஊர் கூடி எண்ணும் எதிர்காலம்

எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்குரியது? ஆட்சியாளருக்கும் நிபுணருக்குமே உரியதென்பது உலக வழக்கு. அவ்வழக்கை மறுத்தவர்களுள் ஒருவர், 1913இல் பேர்லினிற் பிறந்த றொபேட் யுங்க். அணுகுண்டை ஆக்கிய விஞ்ஞானிகளின் வரலாற்றை 1956இல் நூலாக வெளியிட்ட அவர், ஹிரோஷிமாவுக்கும் சென்று அந்நகர மக்களின் துயரை எழுதினார். ஒரு சிலர் மூடிய அறையுள் வகுக்கும் எதிர்காலம் உலகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆராய்ந்தறிந்த அவர், பொதுமக்களே கூடியிருந்து எண்ணும் ‘எதிர்காலப் பட்டறை’ என்னும் முறையை 1960களிலிருந்து வளர்த்தெடுத்தார்.

இப்பட்டறைக்கு நிலைகள் மூன்று. முதலாவது குறை கூறல்: கூடியோர் தம் மனக்குறைகளையெல்லாம் சுவரிலொட்டிய பெருந்தாளில் எழுதுவர். இரண்டாவது கற்பனை: தாம் விரும்பும் ஊரைச் சித்திரமாகவும் கதையாகவும் நடிப்பாகவும் படைப்பர், ‘இது நடவாது’ என்று எவரும் இடைமறித்தல் கூடாது. மூன்றாவது செயல்வழி காணல்: கற்பனையுள் இயல்வதைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வர்.

இதனை இலக்கணக் கண்கொண்டு நோக்குகின்றேன். மேலிருந்து வரும் திட்டம் ஏவல். ஊரார் கூடிக் காணும் கனவு வியங்கோள். வியங்கோள் இனிதுதான், ஆயினும் வாழ்த்தினால் மட்டும் குளம் தூர்வாரப்படுமா? செய்வோர் யார், கருவி எது, இடம் எது, தொழில் எது, காலம் எது, செயப்படுபொருள் எது என்னும் ஆறினையும் தெரிவிப்பதே வினையென்பது நன்னூற் கொள்கை. மூன்றாம் நிலை இல்லாத கற்பனை விழா, முற்றினைத் தேடி நிற்கும் எச்சமேயாகும்.

மேனாட்டுச் சான்றொன்று காண்போம். அயர்லாந்தின் கின்சேல் என்னும் ஊரில், றொப் ஹொப்கின்ஸ் என்னும் ஆசிரியர் 2005இல் தம் மாணவருடன் சேர்ந்து, எண்ணெய் அருகிவரும் காலத்தில் அவ்வூர் 2021 வரை எவ்வாறு வாழலாம் எனத் திட்டம் வரைந்தார். உணவு, கல்வி, வீடு, போக்குவரத்து எனத் துறைதோறும் வழி வகுத்தனர். 2006இல் அம்முயற்சி இங்கிலாந்தின் டொட்னெஸ் நகரிலும் வேரூன்றியது. உள்ளூர் வணிகம் தழைக்கும் பொருட்டு அந்நகரத்தார் 2007இல் தமக்கெனத் தனி நோட்டுகளையும் வெளியிட்டனர். கைக்காசு கொடுத்து வாங்கும் வழக்கம் அருகியபோது, 2019இல் அவற்றை நிறுத்தினர். இதனை நான் வெறுந்தோல்வி என்று கொள்ளேன். தாம் வகுத்ததைத் தாமே மாற்றும் உரிமை அவர்களிடம் இருந்தது. பிறர் வகுத்த திட்டம் பிழைத்துவிட்டால், ஊரார்க்கு முறையிடுதலன்றி வேறு வழி ஏது?

நம் ஊர்களிலே வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் உள. ஊர் கூடுதல் நமக்குப் புதிதன்று. ஆனால், நான் கண்ட கூட்டங்களிற் பல முதல் நிலையோடு நின்றுவிடுகின்றன. குறைகளை மனுவாக எழுதி அதிகாரியிடம் நீட்டிவிட்டுக் கலைகின்றோம். கற்பனைக்கு நாம் இடம் தராமையால், இளையோர் தம் கனவைக் கடல்கடந்த நாடுகளிலே வைக்கின்றனர். அவர்களை நொந்து பயனென்ன? இந்த ஊர் எவ்வாறிருத்தல் வேண்டுமென்று அவர்களை யார் கேட்டனர்?

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நான் விரும்பும் ஊர்’ என்று கட்டுரை எழுதுவித்துப் புள்ளியிடுகின்றோம். கொப்பியோடு அக்கனவு முடிந்துவிடுகின்றது. அக்கட்டுரைகளை ஒரு மாலைப்பொழுதில் வாசிகசாலையிலே ஊரார் முன் வாசிப்பிப்போம். அவற்றுள் ஒன்றையேனும் செய்து முடிக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கும் வரையில் கூட்டத்தைக் கலைக்காதிருப்போமாக.