கிப்சோகே மாதிரி எஸ்.ஐ.பி. போடறேன்னு சொல்றவங்களுக்கு

மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே படம், மேலே 'கன்சிஸ்டன்சி'னு ஒரு வரி, கீழே முதலீட்டு அட்வைஸ். இந்த மாதிரி போஸ்ட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆள் சரியான ஆள்தான். ஆனா அவர்கிட்ட இருந்து எடுத்துக்கற பாடம்தான் தப்புன்னு நினைக்கிறேன்.

2003-ல பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்ல, 18 வயசுல, 5000 மீட்டர் தங்கம் வாங்கினார். 2012-ல லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்யா அணியிலேயே இடம் கிடைக்கலை. அடுத்த வருஷம் மாரத்தானுக்கு மாறினார். 2014 முதல் 2019 வரை ஓடின 10 மாரத்தான் போட்டியிலும் அவர்தான் முதல். அதில 2015 பெர்லினில் ஷூவுக்குள்ள இருந்த இன்சோல் வெளியே வந்து தொங்கிட்டு இருந்தது, அப்படியே ஓடி ஜெயிச்சார்! 2020 லண்டன்ல 8-வது இடம். 'அவ்வளவுதான்'னு பேசினாங்க. 2021-ல ஒலிம்பிக் தங்கம், 2022-ல 2:01:09-னு உலக சாதனை.

இதை எப்படிச் செஞ்சார்? வருஷத்துக்குப் பெரும்பாலும் இரண்டே மாரத்தான். பயிற்சியில 80 சதவீத வேகத்தை அபூர்வமாத்தான் தாண்டுவார். ஒவ்வொரு நாள் பயிற்சியையும் நோட்டுல எழுதி வைப்பார். அதாவது, நாளைக்கும் ஓட முடியற அளவுக்குத்தான் இன்னைக்கு ஓடறார்.

நம்ம ஆளுங்க செய்யறது நேர் எதிர். கைக்கு வர்ற சம்பளம் 45,000. ஜனவரியில வேகமா 20,000-க்கு எஸ்.ஐ.பி. ஏப்ரல்ல அக்கவுண்ட்ல பணம் இல்லாம பவுன்ஸ், அதுக்கு பேங்க் சார்ஜ், செலவுக்கு கிரெடிட் கார்டு. ஜூன்ல எஸ்.ஐ.பி. குளோஸ். எட்டாயிரத்துல ஆரம்பிச்சு, இன்கிரிமென்ட் வரும்போது ஏத்தியிருந்தா இன்னும் ஓடிட்டு இருக்கும். கேட்க கெத்தா இருக்காது, ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு, அந்த போஸ்ட்கள் சொல்லாதது. அவர் அளவுக்கே ஒழுங்கா பயிற்சி செஞ்சு, காயத்தால காணாமப் போனவங்க யாரும் அந்தப் படத்துல இல்லை. ஒழுக்கம் இருந்தா போதும்னு நான் சொல்ல மாட்டேன். அதனாலதான் ஆறு மாச செலவுக்கான பணமும், கம்பெனி தர்றதைத் தவிர தனியா ஒரு மெடிக்கல் இன்ஷூரன்ஸும் எஸ்.ஐ.பி.க்கு முன்னாடி வரணும்னு ஒவ்வொரு வீடியோவிலும் கத்தறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல, 39 வயசுல, கிப்சோகே பாதியில நின்னுட்டார். எந்தக் காலும் எப்போதும் ஓடாது. உங்க சம்பளத்துக்கும் அப்படி ஒரு வருஷம் இருக்கு. அது 60-னு நீங்க நினைக்கறீங்க, ஐ.டி.யில இருக்கறவங்க 45-னு போட்டுக் கணக்குப் பாருங்க.