மூலப் பத்திரம் இல்லாத பிளாக்செயின்!

ஐயப்பன்தாங்கலில் அரை கிரவுண்டு மனை வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? விற்பவர் நீட்டும் பத்திரத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட மாட்டார். ஈ.சி. போட்டுப் பார்ப்பார். "மூலப் பத்திரம் எங்கே?" என்பார். மூலமே போலி என்றால், அதன் மேல் முறையாகப் பதிவான பத்துப் பத்திரமும் வம்புதான். மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் டீ குடிக்கும் எந்த புரோக்கரும் இதைச் சொல்வார்.

பிளாக்செயின் என்றதும் மட்டும் இந்தப் புத்தி எங்கே போகிறது? "அதுல ஏத்திட்டா யாராலும் மாத்த முடியாது, யாருக்கும் கட்டுப்படாது" என்று யாராவது ஜல்லியடித்தால் போதும், கூட்டம் கை தட்டுகிறது. மூலப் பத்திரம் கேட்க ஒருத்தர் இல்லை!

விஷயம் இதுதான். ஒவ்வொரு பிளாக்கும் தனக்கு முந்தைய பிளாக்கின் ஹாஷைச் சுமக்கிறது. முதல் பிளாக்குக்கு முந்தையது ஏது? அந்த இடத்தில் வெறும் பூஜ்யங்கள். அதை யாரும் ஓட்டுப் போட்டு ஏற்கவில்லை. ஆரம்பித்தவர் எழுதியது, மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. முதல் பிளாக் வேறாக இருக்கும் கணினிக்கு அந்த வலையமைப்பில் இடமே கிடையாது.

பிட்காயினின் முதல் பிளாக்கின் தேதி 2009 ஜனவரி 3. அன்றைய லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் தலைப்புச் செய்தியை அதற்குள் வைத்தார் சடோஷி நகமோட்டோ. அந்தத் தேதிக்கு முன்னாலேயே ரகசியமாக ஆரம்பிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அந்த பிளாக்கின் 50 பிட்காயினைச் செலவழிக்கவும் முடியாது.

எத்தீரியம் 2015 ஜூலை 30-ல் தொடங்கியது. முதல் பிளாக்கிலேயே சுமார் 7.2 கோடி ஈத்தர் பங்கு பிரித்தாகிவிட்டது. சுமார் 6 கோடி 2014 விற்பனையில் வாங்கியவர்களுக்கு, மீதி அறக்கட்டளைக்கும் ஆரம்பத்தில் உழைத்தவர்களுக்கும். பி.காம். முதல் வருடத்து ஓப்பனிங் என்ட்ரி மாதிரிதான். சரியோ தவறோ, இரண்டையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

அரசும் வங்கிகளும் விரும்புவது வேறு ரகம். அனுமதி பெற்றவர் மட்டுமே நுழையும் சங்கிலி. இந்த ரகத்தில் பிரபலமான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பிளாக்கில் காசு இருக்காது. எந்தெந்த அமைப்புகள் உறுப்பினர், பிளாக்குகளை வரிசைப்படுத்தும் சர்வர் யாருடையது, விதியை மாற்ற யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். அதாவது, மொத்த ஜாதகமும் அங்கேதான்!

தமிழக அரசு 2020-ல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்று அழகான பெயரும் வைத்தது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் 'விஸ்வஸ்யா'வைக் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் நாளை பட்டாவும் பத்திரமும் இப்படி ஒரு சங்கிலியில் ஏறும்போது, உறுப்பினரும் ஒரே துறை, சர்வரும் அதே துறை, விதியை மாற்றவும் அதே துறையின் கையெழுத்து போதும் என்று முதல் பிளாக் சொன்னால்? அது பழைய டேட்டாபேஸ்தான், பெயிண்ட் மட்டும் புதுசு.

"விதியை அப்புறம் மாத்திக்கலாமே" என்பார்கள். மாற்றலாம். யார் மாற்றலாம் என்பதையும் முதல் பிளாக்தானே முடிவு செய்கிறது? "பாதுகாப்புக் காரணம்" என்று இன்னொரு சாக்கு. முதல் பிளாக்கில் மக்களின் விவரமும் இல்லை, ரகசியச் சாவியும் இல்லை. உறுப்பினர் பெயரும் பொதுச் சான்றிதழும் விதியும்தான். சர்வர் முகவரியை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளட்டும், அது யாருடையது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

கேட்க வேண்டியது மூன்றே மூன்று. முதல் பிளாக்கின் உறுப்பினர் பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். துறைக்கு வெளியே உள்ள ஒரு தணிக்கை அமைப்போ பல்கலைக்கழகமோ முதல் நாளிலிருந்தே அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒரே ஒரு கையெழுத்தில் எந்த விதியும் மாறக் கூடாது.

இதுவெல்லாம் சங்கிலி ஓட ஆரம்பிக்கும் முன்பே நடக்க வேண்டும். வீடு கட்டி முடித்த பிறகு மூலப் பத்திரம் தேடினால் என்ன ஆகும் என்று போரூர், ஐயப்பன்தாங்கல் பக்கத்து மக்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.