பொதுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? கேள்வியே தப்பு!

காரைக்கால் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது கீழவாஞ்சூர். 2009ல் இயங்கத் தொடங்கிய தனியார் துறைமுகம் இந்த ஊரில்தான். இங்கே வீட்டில் கணினி இல்லாத ஒரு மாணவன், பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சென்டாக் விண்ணப்பம் போட வேண்டும் என்றால் வடக்கே காரைக்காலிலோ, எல்லை தாண்டியதும் வருகிற நாகூரிலோ ஒரு ப்ரௌசிங் சென்டரில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

கையில் ஒரு பென் டிரைவ். அதில் ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ... அந்தப் பையன் யார் என்பதற்கான அத்தனை அத்தாட்சியும் உண்டு. அரை மணி நேரத்தில் வேலை முடிந்து, காசு கொடுத்துக் கிளம்பிவிடுவான். ஆனால் அந்த ஃபைல்கள் டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ அப்படியே கிடக்கும். ஜிமெயில் லாக்-அவுட் ஆகாமலும் இருக்கலாம். அடுத்து வருபவர் நல்லவராக இருந்தால் பிழைத்தான்!

இப்படி இருக்கையில், சென்டர் நடத்துபவரும் கல்லூரி லேப் பொறுப்பாளரும் நூலகரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?" புனேயின் குவிக் ஹீலா, சென்னையில் 1991ல் தொடங்கிய கே7ஆ, இல்லை வெளிநாட்டுச் சரக்கா? இந்த நிறுவனங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்விதான் சரியில்லை.

ஆன்டிவைரஸின் வேலை கெட்ட புரோகிராமைப் பிடிப்பது. டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஆதார் நகல் கெட்ட புரோகிராம் இல்லை. ப்ரௌசர் சேமித்து வைத்த பாஸ்வேர்டும் இல்லை. அதன் பார்வையில் எல்லாம் சுபம். வீட்டுக் கணினிக்கு ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. பொதுக் கணினிக்கோ, முன்னால் உட்கார்ந்தவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியிலும் வருகிறது. அந்த இடைவெளியை எந்த ஆன்டிவைரஸும் கவனிப்பதில்லை.

சரி, வைரஸே பிரச்சினை இல்லையா? இல்லை என்று யார் சொன்னது! 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகளைப் பிடித்தது. அது பரவிய வழிகளில் ஒன்று பென் டிரைவ். செருகிய உடனே தானாக ஓடும் ஆட்டோரன் வசதிதான் அதற்குக் கதவு. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு இலவச அப்டேட் மூலம் எக்ஸ்பி, விஸ்டாவில் பென் டிரைவுக்கான அந்தக் கதவைச் சாத்தியது. காசு கொடுத்து வாங்கிய எத்தனையோ மென்பொருட்கள் திணறிய விஷயம், ஒரு செட்டிங்கை மாற்றியதில் பெருமளவு அடங்கிப்போனது. இது லேப் நடத்துபவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

உண்மையில் பொதுக் கணினிக்கு முதலில் தேவைப்படுவது, ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடுகிற ஏற்பாடு. கனடாவின் ஃபாரோனிக்ஸ் நிறுவனத்தின் டீப் ஃப்ரீஸ் இதில் பிரபலம். நீங்கள் எழுதுவது, அழிப்பது, இன்ஸ்டால் செய்வது எதையும் அது தடுக்காது. ஆனால் அத்தனையையும் டிஸ்க்கில் ஓர் ஓரமாக எழுதி வைத்து, அடுத்த முறை ஆன் செய்யும்போது தூக்கிப் போட்டுவிடும். கரும்பலகையைத் துடைத்த மாதிரி! மைக்ரோசாஃப்டே இதற்காக ஸ்டெடிஸ்டேட் என்ற இலவச மென்பொருளை வைத்திருந்தது. 2010 இறுதியில் அதை நிறுத்திவிட்டது. பிறகு விண்டோஸ் 10ல் 'ஷேர்டு பிசி' என்ற முறை வந்தது. விண்டோஸ் புரொஃபஷனல் பதிப்பு இருந்தால் தனியாகக் காசு வேண்டாம். ஒருவர் வெளியேறியதும் அவருடைய கணக்கையும் ஃபைல்களையும் அழித்துவிடும்படி அமைக்கலாம்.

இதிலும் ஓட்டை உண்டு. ரீஸ்டார்ட் ஆகும்வரை வைரஸ் உயிரோடுதான் இருக்கும். காலையில் ஒருவர் கீலாகர் ஒன்றை ஓடவிட்டுப் போனால், மாலைவரை ரீஸ்டார்ட் செய்யாத கணினியில் அது அத்தனை பேர் பாஸ்வேர்டையும் குறித்துக்கொண்டிருக்கும். ஆக, ஒவ்வொருவர் எழுந்ததும் ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் கணினியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், கூட்ட நேரத்தில் யாரும் செய்யமாட்டார்கள். எஸ்.எஸ்.டி. போட்டால் அரை நிமிடம்தான்.

இங்கேதான் வணிகவியல் மாணவர்களுக்குப் பிடித்த கணக்கு வருகிறது. ஒரு பேச்சுக்கு 20 கணினி, ஆளுக்கு ஆண்டு உரிமம் 500 ரூபாய் என்று வைத்தால் வருடம் 10,000. ஐந்து வருடத்தில் 50,000. மறுபக்கம், விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபெண்டர் உள்ளேயே இலவசமாக இருக்கிறது. சமீப ஆண்டுகளில் சுயேச்சையான சோதனைகளில் அது விலைக்கு வாங்கும் மென்பொருட்களுக்குச் சமமாகவே மதிப்பெண் எடுக்கிறது. அந்த 50,000-ல் கணிசமான கணினிகளுக்கு எஸ்.எஸ்.டி. போட்டுவிடலாமே! அட்மின் பாஸ்வேர்டை யாருக்கும் தராமல், எல்லோரையும் சாதாரண யூசராக உள்ளே விடுவதற்கு ஒரு பைசாகூட ஆகாது. (இதைச் செய்யாத லேப்கள்தான் அதிகம் என்பது வேறு கதை.)

இன்னொரு வழி லினக்ஸ். 2007 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். கேரளத்தில் 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளி லேப்களையே கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனது. அதன் வாரிசான கைட் இன்று தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பே வெளியிடுகிறது. ஆனால் பி.காம். லேப்பில் டேலி வேண்டும், அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. ஆகவே டேலி ஓடும் கணினிகள் ஃப்ரீஸ் செய்த விண்டோஸாக இருக்கட்டும். விண்ணப்பம் போட, மெயில் பார்க்க மட்டும் பயன்படுபவை லினக்ஸாக மாறலாம். 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளுக்கு இது நல்ல கதி.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் போலீஸ் கேட்டால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான பயம். 2011ன் சைபர் கஃபே விதிகள்படி அடையாள அட்டை பார்க்க வேண்டும், வந்தவர் பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், பார்த்த தளங்களின் பதிவும் வேண்டும். அந்தப் பதிவை ஒவ்வொரு கணினியிலும் வைக்காமல், இணைப்பு உள்ளே வருகிற இடத்தில் தனியாக ஒரு கணினியில் சேர்த்தால் தீர்ந்தது.

கடைசியாக ஒன்று. இத்தனையும் செய்த சென்டரிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கணினி மிச்சம் இருக்கும். "அண்ணே, வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், ரெண்டு காப்பி எடுத்துக் குடுங்க" என்று ஊரே தன் சான்றிதழ்களை அனுப்புவது அதற்குத்தான். கடைக் கணக்கும் அதிலேயே இருப்பதால் அதை யாரும் ஃப்ரீஸ் செய்வதில்லை. பிரிண்டருக்கென்று கணக்கு வழக்கு இல்லாத ஒரு பழைய கணினியைத் தனியாக ஒதுக்கி, வாட்ஸ்அப்பில் வருவதையும் சேர்த்து ராத்திரி கடை சாத்தும்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் இப்போதைக்கு வழி.