41 புள்ளி வித்தியாசம்

போன சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைக் காணோம். தண்ணீர் ஜக்கும் ஊறுகாய் பாட்டிலும் சமையலறைக்குக் குடிபோயிருந்தன. மேசைமேல் பாடப் புத்தகங்களை அடுக்கி, வயரிங் வேலைக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையை அதன்மேல் சாய்த்து வைத்திருந்தான் அக்கா மகன். படிவம் 4, அறிவியல் பிரிவு. கீழே தரையில் வெள்ளைத் தாள், அதன்மேல் கார்பன் தாள்.

“சித்தி, கொஞ்ச நேரம் பேசாம இருங்க.”

தினமும் காலையில் நான்கு மணி நேரம் பேசிச் சம்பளம் வாங்குகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? இருந்தாலும் உட்கார்ந்தேன். கோலி பட்டையில் உருண்டு இறங்கியது. மேசை விளிம்பைத் தாண்டிக் காற்றில் வளைந்து, தொக்கென்று விழுந்தது. கார்பன் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. விளிம்புக்கு நேர்கீழே இருந்து அளந்தான். 63 சென்டிமீட்டர்.

முகம் வாடிவிட்டது. சாய்வின் உயரம் 20 சென்டிமீட்டர், மேசை உயரம் 75. அவன் போட்ட கணக்கின்படி 77-இல் விழ வேண்டும். பத்துத் தடவை உருட்டியிருக்கிறான். 62, 63, 64. ஒன்றுகூட 70-ஐ எட்டிப் பார்க்கவில்லை.

“76-னு எழுதிடுறேன் சித்தி. சரியா 77-னு எழுதினா நம்ப மாட்டாங்க.”

கண்டித்திருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவன் வயதில் ஊசல் பரிசோதனை செய்தபோது, விடை 9.8 என்று தெரிந்துகொண்டு பின்பக்கமாகக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்பியவள் நான். முழு மதிப்பெண்ணும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 63 மனத்தைவிட்டுப் போகவில்லை. இதே பரிசோதனையை முதலில் செய்தவரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கலிலியோ. அவர் என்றதும் பைசா கோபுரம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அவருக்கு உண்மையில் சோறு போட்டது சாய்த்து வைத்த பலகை. நேராக விழுகிற பொருளைப் பிடித்து அளக்க அந்தக் காலத்தில் கடிகாரம் ஏது? சாய்வில் உருட்டினால் வேகம் மட்டுப்படும். வாளியிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீரை விட்டு, பந்து உருளும் நேரத்தில் சேர்ந்த தண்ணீரை நிறுத்துப் பார்த்தே நேரத்தை அளந்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக் வேறொரு யோசனையும் சொன்னார். கலிலியோவின் அப்பா வின்சென்சோ வீணை போன்ற ‘லூட்’ வாசிக்கும் இசைக் கலைஞர். அந்த வாத்தியத்தில் கட்டும் நரம்பைப் பலகையின் குறுக்கே கட்டிவிட்டால், பந்து தாண்டும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் வரும். சத்தங்கள் சம தாளத்தில் விழும்வரை நரம்புகளை நகர்த்தினால் போதும், கடிகாரமே வேண்டாம் என்பது அவர் கருத்து. எனக்கு இது உடனே பிடித்துவிட்டது. ஒலிபரப்பில் அரை விநாடி மௌனம் விழுந்தாலும் காதுதானே முதலில் கண்டுபிடிக்கிறது!

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு தாள். புளோரன்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள கலிலியோவின் கையெழுத்துக் குறிப்புகளில் ஒரு பக்கம். 1608 வாக்கில் எழுதியது என்கிறார்கள். அச்சேறாமல் கிடந்த அதை 1973-இல் டிரேக் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அதில் இருப்பது அக்கா மகன் செய்த அதே பரிசோதனை: சாய்வில் உருட்டி, மேசையிலிருந்து பறக்கவிட்டு, விழுந்த தூரத்தை அளப்பது. அளவு ‘புள்ளி’ கணக்கில், ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேசை உயரம் 828 புள்ளி. கிட்டத்தட்ட அக்கா வீட்டு மேசைதான்.

300 புள்ளி உயரத்திலிருந்து விட்டபோது பந்து 800 புள்ளி தூரத்தில் விழுந்தது. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற உயரங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கிட்டார். 600-க்கு 1131 வர வேண்டும், வந்தது 1172. பக்கத்திலேயே எழுதிவைத்தார்: வித்தியாசம் 41. அடுத்தடுத்து 22, 10, 40. ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. எதையும் அவர் அழிக்கவும் இல்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, வீட்டுக் காவலில், பார்வையும் போன பிறகு, 1638-இல் லெய்டன் நகரில் அவருடைய ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ வெளிவந்தது. எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் போகும் என்று நிறுவிய நூல் அது. அதில் இந்த எண்கள் இல்லை. அந்த 41 அவருக்கு மட்டும் தெரிந்த 41.

சரி, நம் 14 சென்டிமீட்டர் எங்கே போனது? திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியில் இந்தக் கதையைச் சொன்னேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நேயர் அழைத்தார், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.

“கோலி வழுக்கிக்கிட்டா வந்துச்சு? உருண்டுதானே வந்துச்சு? உருளுறதுக்குக் கூலி யாரும்மா கொடுக்கிறது?”

கெட்டியான உருண்டை உருளும்போது, இறங்கியதில் கிடைத்த ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழலுவதற்கே போய்விடுமாம். மிச்சத்தில்தான் அது முன்னே போக வேண்டும். வேகம் 85 விழுக்காட்டுக்கு வந்துவிடும். 77-ஐ அதால் பெருக்கினால் 65. மீதி 2 சென்டிமீட்டர் பட்டையின் உராய்வில் போயிருக்கும் என்றார். பையன் போட்ட சூத்திரம் வழுக்கி வரும் பொருளுக்கு. அவன் விட்டது உருளும் கோலி.

“பையன் கை சுத்தம்மா. 76 வந்திருந்தாத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.”

அன்று சாயங்காலமே அக்கா வீடு. இந்தமுறை கலிலியோ வழியில் செய்தோம். சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, 63-ஐயே அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். மேசை உயரம் மாறாததால் கோலி விழ எடுக்கும் நேரமும் மாறாது. வேகம் மட்டும்தான் மாறும். உயரத்தைக் கால்வாசியாக்கினால் தூரம் பாதியாக வேண்டும். சுழற்சிக்குப் போகும் கூலி எல்லா உயரத்திலும் அதே பங்கு என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும்போது அது தொந்தரவு செய்யாது.

5 சென்டிமீட்டரில் வைத்து விட்டான். 31. பாதிக்கு அரை சென்டிமீட்டர் குறைவு. 10-இல் வைத்தான். கணக்கு 44.5, வந்தது 45. அவன் போட்ட சத்தத்தில் அக்கா கரண்டியோடு ஓடி வந்தார்.

அட்டவணையில் நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டான். மேலே ‘வித்தியாசம்’ என்று எழுதினான். ஆசிரியர் என்ன சொல்வாரோ தெரியாது. இந்த வெள்ளிக்கிழமைதான் ஒப்படைக்கிறான். 76 என்று பென்சிலில் எழுதி வைத்திருந்த பழைய தாளைக் கசக்கப் போனவன், என்னைப் பார்த்தான்.

“இதையும் சேர்த்துப் பின் பண்ணவா சித்தி?”

“அது வேணாம்டா,” என்றேன். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என் ஊசலின் 9.8-க்கு அது துணையாக இருக்கட்டும்.