எண்பதில் நிறுத்தினால் என்ன கெட்டுவிடும்?

லேப்டாப் வாங்கி இரண்டு வருடம் ஆன யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது" என்பார்கள். கடையில் பத்து மணி நேரம் என்று சொல்லி விற்றார்கள். புதிதில் ஆறு மணி நேரம் வந்தது. பிறகு நாலு, மூன்று, ஒன்றரை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கின கொஞ்ச நேரத்திலேயே அணைகிறது. மின்வெட்டு வந்தால் பாதி அடித்த கடிதம் போயே போச்சு. இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "பிரைட்னஸைக் கொஞ்சம் குறைச்சு வைங்க." அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளிச்சத்தைக் குறைத்தால் அன்றைய சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும், அதை நான் மறுக்கவில்லை. 50 வாட்-ஹவர் பேட்டரியிலிருந்து 5 வாட் எடுத்தால் 10 மணி நேரம் வரும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்து, பிரவுசரில் வரிசையாக டேப் திறந்து 20 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம்தான். விளம்பரத்தில் போடும் மணிக்கணக்கு பெரும்பாலும் மங்கலான திரையில் ஒரு வீடியோவை ஓடவிட்டு எடுத்தது. அப்படி யாரும் வேலை பார்ப்பதில்லை. கறுப்புப் பின்னணி வைத்தால் மிச்சம் என்கிறார்கள். அது ஓஎல்இடி திரைக்குத்தான் பொருந்தும். சாதாரண எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். 120 ஹெர்ட்ஸில் ஓடும் திரையை 60-க்கு இறக்கினால் கொஞ்சம் பலன் உண்டு. இதெல்லாம் சரி. அந்த 50 இரண்டு வருடத்தில் 25 ஆகிப்போகிறதே, அதற்குமா வெளிச்சம் காரணம்?

லித்தியம்-அயன் பேட்டரியை 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேலாகப் பழகிய பொருள் இது. இதற்கு எது ஆகாது என்று செய்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். முழு சார்ஜிலேயே கிடப்பது ஆகாது, சூடு ஆகாது. செல் ஒன்று 4.2 வோல்ட்டைத் தொட்டு நிற்கும்போது உள்ளே இருக்கும் திரவம் சிதைவது வேகமாகிறது. கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போய், மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தைத் தின்றுவிடுகிறது. தின்றது திரும்ப வராது. பேட்டரித் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு: 40 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் 40 சதவீத சார்ஜில் வைத்திருந்த பேட்டரியில் 85 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், 100 சதவீத சார்ஜில் வைத்திருந்ததில் 65-தான் மிஞ்சும். 40 டிகிரி என்றால் எங்கோ பாலைவனம் என்று நினைக்க வேண்டாம். சித்திரை மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் வைத்து சார்ஜ் போட்ட லேப்டாப்பின் வயிற்றுக்குள் அதற்கு மேலேயே இருக்கும்.

பிளக்கிலேயே போட்டு வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள், விடுதி மாணவர்கள், கடைக் கல்லாவில் பில் போடுகிறவர்கள் என்று எல்லோருமே அப்படித்தான். அவர்களுடைய பேட்டரி நாள் முழுக்க நூறிலேயே கிடந்து வேகிறது. எண்பது சதவீதத்தில் நின்றுகொள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தத் தேய்மானம் குறையும். அதைச் சொல்ல ஒரு வசதியும் பெரும்பாலான லேப்டாப்பிலேயே இருக்கிறது. என் ஆதங்கமெல்லாம் அது இருக்கும் இடத்தைப் பற்றித்தான்.

ஒரு கம்பெனி அதற்கு 'கன்சர்வேஷன் மோடு' என்று பெயர் வைத்திருக்கிறது, இன்னொன்று 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்' என்கிறது. கம்பெனியோடு வரும் ஆப்பில் நாலாவது பக்கத்தில் புதைந்து கிடக்கும். அந்த ஆப்பையோ வேண்டாத குப்பை என்று வாங்கிய அன்றே பலர் அழித்துவிடுகிறார்கள். வேறு சிலவற்றில் பயாஸுக்குள் போய்த் தேட வேண்டும். புது லேப்டாப்பை முதன்முதலாகத் திறக்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறது! இருக்கும் இடத்தைச் சொல்லலாமா, விளம்பரம் காட்டலாமா, குரலைக் கேட்கலாமா, முகத்தைப் பதியலாமா. "எப்போதும் பிளக்கில் வைத்துத்தான் வேலை செய்வீர்களா? அப்படியானால் எண்பதில் நிறுத்தட்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்க ஏன் வாய் வரவில்லை? பல மின்கார்களின் கையேட்டில் தினசரி ஓட்டத்துக்கு எண்பது வரை ஏற்றினால் போதும் என்று அச்சடித்தே கொடுக்கிறார்கள். ஐபோனில் 15-ஆம் மாடலிலிருந்து எண்பது வரம்பு அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. லேப்டாப் வாங்குகிறவர் மட்டும் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

அக்கா மகள் பொறியியல் படிக்கிறாள். மூன்றாம் வருடம் வருவதற்குள் அவள் லேப்டாப்பில் பேட்டரி நிற்கவில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடிக்கச் சொன்னேன். விண்டோஸில் இதைச் செய்தால் ஓர் அறிக்கை வரும். பேட்டரியைத் தயாரித்தபோது இருந்த கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுசாக ஏற்றினால் நிற்பது எவ்வளவு என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிதான் இருந்தது. "சித்தி, நான் ஒண்ணுமே தப்பா பண்ணலையே. அப்பா சொன்ன மாதிரி முழுசா இறங்கினப்புறம்தான் சார்ஜ் போட்டேன்" என்றாள். அத்தானைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பழகியது நிக்கல்-காட்மியம் காலத்துப் பேட்டரி. அதற்கு அந்தப் பழக்கம் சரி, லித்தியத்துக்குத் தலைகீழ். அடியோடு வடித்து ஏற்றுவது அதைத் தேய்க்கத்தான் செய்யும். இதை அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் பெட்டியில் ஒரு துண்டுத்தாள்கூட வைக்கவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். "மேடம், பேட்டரி கன்ஸ்யூமபிள் ஐட்டம். ஒரு வருஷம்தான் வாரண்டி" என்றான் அங்கிருந்த பையன். அவன் சொன்ன விலையைக் கேட்டு அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எண்பதில் நிறுத்தும் வசதி இதில் இருக்கிறதே, விற்கும்போது யாராவது சொன்னீர்களா?" என்று கேட்டேன். "அது கஸ்டமர்தான் பாத்துக்கணும் மேடம்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அப்படிப் பேசத்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

மூடிவைத்த லேப்டாப் பைக்குள் சுடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் மூடினால் தூங்கும். நினைவகத்துக்கு மட்டும் துளி மின்சாரம் போகும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது போனைப் போல அரைத்தூக்கத்தில் இருக்கும் முறை ஒன்றும் வந்தது. இன்றைய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் பழைய தூக்கமே கிடையாது. மூடியிருக்கும்போதும் நெட்டைத் தொட்டுக்கொண்டு, மெயிலையும் அப்டேட்டையும் எடுத்துக்கொண்டிருக்கும். காலையில் நிரப்பி எடுத்துப் போன சார்ஜ் பஸ் பயணத்திலேயே கரைகிறது, காற்றில்லாத பைக்குள் சூடும் ஏறுகிறது. மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி கன்ட்ரோல் பேனலில் மாற்றிவிட்டால் தொல்லை தீரும். ஆனால் ஹைபர்னேட் என்ற சொல்லையே பவர் பட்டியலிலிருந்து மறைத்து அனுப்புகிறார்கள். மாற்றித் தொலைக்கலாம் என்று தேடுகிறவருக்கும் கண்ணில் படாது.

இவ்வளவுக்கும் பிறகு பேட்டரி செத்தால் மாற்றவாவது விடுகிறார்களா? பழைய லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு இரண்டு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். இப்போது உடம்பையே பிரிக்க வேண்டும். சிலவற்றில் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. கம்பெனி பேட்டரி வாங்கக் கட்டுப்படியாகாதவர் சென்னை ரிச்சி தெருவில் விலை குறைந்ததைத் தேடுகிறார். அங்கே நல்லதும் கிடைக்கும், பெயர் ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்க வேண்டியதும் கிடைக்கும். டச்பேட் மேலெழும்புகிற அளவுக்கு உப்பிப்போன பேட்டரியோடு தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள், சார்ஜ் போடவே கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டு, இத்தகைய கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி 18 முதல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் நாட்டில் 2022-இல் பேட்டரிக் கழிவுக்கு விதிகள் வந்தன, பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளமும் வந்தது. செத்த பிறகு எங்கே போட வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. சீக்கிரம் சாகாத பேட்டரியை விற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 2011-லிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கிக் கொடுத்த மாநிலம் இது. 2025 பட்ஜெட்டிலும் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ என்று அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய கொள்முதல் செய்கிறவர் சொன்னால் எந்தக் கம்பெனி மறுக்கும்? டெண்டரில் மூன்று வரி சேருங்கள். எண்பது வரம்பு போட்டே பெட்டியிலிருந்து வெளியே வர வேண்டும், வேண்டியவர் நூறுக்கு மாற்றிக்கொள்ளட்டும். பேட்டரி சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் கழற வேண்டும். மாற்றுப் பேட்டரி ஐந்து வருடத்துக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை இன்றே எழுதிக் கொடுக்க வேண்டும்.