கரகரப்பைத் துடைக்காதீர்கள்

சென்ற வாரம் என் தங்கை மகன் கைபேசியில் ஒரு பதிவை அனுப்பினான். "மாமா, நீங்க கேட்கிற அந்தப் பழைய ஜாஸ் கச்சேரிதான். கரகரப்பை எல்லாம் எடுத்துட்டாங்க, கேளுங்க" என்றான். கேட்டேன். கோபம்தான் வந்தது.

புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில் ஓர் ஆசிரியர் இசைத்தட்டு போட்டுக் காட்டியதில் பிடித்த பைத்தியம் இது. எழுபது கடந்தும் விடவில்லை.

அவன் அனுப்பியது டியூக் எலிங்டன் குழுவின் கச்சேரி. 1940 நவம்பர் 7, அமெரிக்காவில் ஃபார்கோ என்ற ஊரின் நடன அரங்கம். இரண்டு இளைஞர்கள் அனுமதி வாங்கி, தட்டில் நேரடியாக ஒலி வெட்டும் கருவியைச் சுமந்துபோய்ப் பதிவு செய்தார்கள். வியாபாரத்துக்கு அல்ல, சொந்த ஆசைக்கு. அன்று ஸ்டூடியோவில் சாதாரணத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். கலைஞன் கடிகாரத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். ஃபார்கோவில் அந்த அவசரம் இல்லை. 'ஸ்டார் டஸ்ட்' பாட்டில் பென் வெப்ஸ்டரின் சாக்ஸஃபோனைக் கேளுங்கள், புரியும்.

1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் பென்னி குட்மேன் நடத்திய கச்சேரியும் அப்படியே. கடைசியில், ஏற்பாட்டில் இல்லாமல், ஜெஸ் ஸ்டேசி பியானோவில் தனியே வாசிக்கிறார். ஆர்ப்பாட்டமான பாட்டு, சபை அடங்கிப் போகிறது. அந்த அமைதியும் பிறகு எழும் கைதட்டலும் இசையில் சேர்ந்தவை.

"தெளிவா இருக்க வேண்டாமா மாமா?" என்கிறான். தம்பி, தட்டின் இரைச்சலும் டிரம்ஸ் தாளத்தகட்டின் சிலிர்ப்பும் ஒரே மேல் ஸ்தாயியில் கலந்து கிடக்கின்றன. அளவு மீறி ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். அரங்கின் காற்றும் போகும். மிஞ்சுவது பஞ்சு அடைத்த காதில் விழும் ஓசை.

குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். நாங்களும் சுத்தப் பிரதி எடுத்திருக்கிறோம். ஆனால் ஓரக் குறிப்பும் அடித்தல் திருத்தலும் உள்ள அசல் கோப்பை ஒருநாளும் கிழித்துப் போட்டதில்லை. உண்மை அதில்தான் இருக்கும். துடைப்பவர்கள் துடைக்கட்டும், அசலையும் பக்கத்தில் வைக்கட்டும். அதை மறைத்துவிட்டு இதுதான் அந்தக் கச்சேரி என்று கொடுப்பது மோசடி.

மருமகனுக்கு அசல் பதிவை அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.